கொசுறாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.

கொசுறு என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. காய்கறிக் கடையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போட்டு "வெச்சுக்கோங்க" என்று சொன்னால்கூட எடுத்துத் திரும்ப வைத்துவிடுகிறேன். கடைக்காரம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். பார்க்கட்டும். காசு கொடுத்துக் கேட்டதை மட்டும் கொடுத்தால் போதும் எனக்கு.

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பல மாதம் தள்ளிப்போட்டேன். ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

தர்மபுரியில் ஒரு கட்டடப் பொறியாளரின் அலுவலகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். வீட்டு பிளான் போடுவது, வீடு கட்டி முடித்தால் வெளியே எப்படித் தெரியும் என்று காட்டும் எலிவேஷனைக் கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. பாலக்கோட்டை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். திடீரென்று ஒருநாள் பொறியாளர், இரண்டு மாதத்தில் அலுவலகத்தை மூடிவிட்டு ஓசூருக்கே போகப்போவதாகச் சொன்னார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே ஒரு வழியும் சொன்னார்.

"வூட்லயே நல்லதா ஒரு சிஸ்டம் போட்டுக்கம்மா. த்ரீடி ஓடணும், அது ரொம்ப முக்கியம். ஓசூர்ல ஒரு லேஅவுட் வருது, இருபது வூடு. சிஸ்டம் ரெடின்னு சொல்லு, மொதல்ல ஒரு வூட்டுக்கு வாக்த்ரூ பண்ண சொல்றேன். பார்ட்டிக்குப் புடிச்சுதுன்னா மொத்த லேஅவுட்டும் உனக்குத்தான்."

வாக்த்ரூ என்றால், இன்னும் கட்டாத வீட்டுக்குள் நாமே நடந்து போவதுபோல் காட்டும் வீடியோ. வாசலில் நுழைந்து, ஹாலைக் கடந்து, சமையலறை ஜன்னல் வெளிச்சம் வரைக்கும் காட்டவேண்டும். இருபது வீடு என்றால் ஒன்றரை வருட வேலை. எனக்கு முப்பத்தொரு வயது. சொந்தமாக ஒரு வேலை கையில் இருக்கும் வரைதான் எங்கள் வீட்டில் என்னை யாரும் எதற்கும் அவசரப்படுத்தமாட்டார்கள். அது போனால் அடுத்த நாளே ஜாதகத்தைத் தூசு தட்டுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த லேஅவுட் எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவு வேண்டியிருந்தது.

கடையில் தயாராக விற்கும் கம்ப்யூட்டரை வாங்கினால் என் சேமிப்புக்குக் கிடைப்பது கணக்கு எழுதத்தான் ஆகும், த்ரீடிக்கு ஆகாது. உதிரி உதிரியாக வாங்கி நாமே பூட்டினால் அதே பணத்தில் நல்லது கிடைக்கும் என்று அலுவலகத்துக்கு வந்துபோகும் சர்வீஸ்காரர் சொன்னார். அதைவிட இன்னொரு காரணமும் இருந்தது. ஆறு வருடமாக யார் யாருக்கோ வீடு வரைந்திருக்கிறேன், ஒரு செங்கல்லைக்கூட என் கையால் வைத்ததில்லை. இதையாவது முதல் திருகாணியிலிருந்து நானே பூட்ட வேண்டும் என்று ஆசை. ஆசைப்பட்டது தப்பில்லையே.

இரண்டு மாதம் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் படித்தேன். எந்த பிராசசருக்கு எந்த மதர்போர்டு பொருந்தும், எந்த கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு கரண்ட் இழுக்கும், ராம் ஒன்றாகப் போடுவதா இரண்டாகப் போடுவதா என்றெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. எல்லோரும் பிராசசரைப் பற்றியே பேசுகிறார்கள், ஆனால் எங்கள் ஊருக்கு முதலில் பார்க்க வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்.ஸைத்தான். சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டரின் ஒவ்வொரு உறுப்புக்கும் தேவையான அளவு பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி அது. அது மட்டமாக இருந்தால் மற்றது எவ்வளவு உசத்தியாக இருந்தும் பிரயோஜனமில்லை. எங்கள் ஊர்க் கரண்டின் லட்சணம் எனக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் எங்கள் வீட்டு டியூப்லைட் கண்ணடிக்கும். அதனால் மற்றவற்றில் கொஞ்சம் கொஞ்சம் குறைத்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு மட்டும் நல்லதாக ஒன்றை எழுதினேன். பட்டியலில் ஏழு வரி. ஏழாவது வரி அது. நோட்டுப் புத்தகத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன். மானிட்டர் வாங்க வேண்டியதில்லை, அலுவலகத்தை மூடும்போது பொறியாளரே ஒன்றைக் கொடுத்துவிட்டார்.

வாங்கப் போகும்போது அண்ணனும் வருவேன் என்றான். வேண்டாம் என்றேன். "பொம்பள தனியா போனா தலையில மொளகா அரைச்சிடுவாங்க பாப்பா" என்றான். என்னைவிட ஆறு வயது மூத்தவன். எனக்கு நூறு வயதானாலும் அவனுக்கு நான் பாப்பாதான். அம்மாவும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவன் செய்தது புரியாது. அவன் தக்காளி போடுகிறவன். பாலக்கோடு மார்க்கெட்டில் பெட்டியை இறக்கி எடை போட்டு விலை முடிந்த பிறகும், வாங்குகிறவர்கள் சும்மா ஒரு கை, இரண்டு கை என்று அள்ளி மேலே போட்டுக்கொள்வார்கள். கேட்டால் கொசுறு என்பார்கள். அவன் விளைவித்த தக்காளி இப்படியே எத்தனை பெட்டி போயிருக்கும் என்று அவனுக்குத்தான் தெரியும். அந்த எரிச்சலை எல்லாம், அவன் ஒன்றை வாங்கப் போகும் இடத்தில் தீர்த்துக்கொள்வான். செருப்பு வாங்கினால் பாலிஷ் டப்பா கேட்பான். மருந்தடிக்கும் ஸ்பிரேயர் வாங்கினால் ஓஸ் கேட்பான். ஏதாவது ஒன்று சும்மா வராமல் எந்தக் கடையை விட்டும் இறங்கமாட்டான். சும்மா வந்ததைத்தான் வீட்டில் முதலில் எடுத்துக் காட்டுவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தர்மபுரிக்குத் தக்காளி ஏற்றிப்போன குட்டியானை வண்டியிலேயே நானும் ஏறிக்கொண்டேன். லோடு இறக்கியதும் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு மாடியில் கடை. நான் பட்டியலைக் கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, அண்ணனிடம் திருப்பிக் கேட்டார்.

"என்ன யூஸுக்குங்ணா?"

"பாப்பா படம் வரையுது" என்றான் அண்ணன்.

"படம் வரையறதுக்கா. அதுக்கு இவ்வளவு தேவையில்லீங்களே."

"வீட்டு எலிவேஷன், த்ரீடி ரெண்டர்" என்றேன் நான். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "அப்ப சரிங்ணா" என்று அண்ணனிடம் சொன்னார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் அண்ணனுக்குப் போனது. ராம் இரண்டாகத்தான் வேண்டும் என்று நான் சொன்னால், "ரெண்டாவே போட்டுடலாங்ணா" என்றார். ஏதோ என் குரல் அண்ணனின் சட்டைப் பையிலிருந்து வருகிறது என்று நினைத்தார் போலிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஐந்து வரி வரைக்கும் நான் எழுதியபடியே போனது. ஆறாவது கேபினெட், எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டும் பெட்டி. காற்று நன்றாகப் போய் வர வேண்டும் என்று முன்பக்கம் வலை வைத்த சாதாரணப் பெட்டி ஒன்றை எழுதியிருந்தேன். அண்ணன் கண் வேறொன்றில் விழுந்தது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக மின்னும் ஃபேன். கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"அது இப்ப ஆஃபர்ல இருக்குதுங்ணா. அதுகூட எஸ்.எம்.பி.எஸ். ஃப்ரீ. கீபோர்டு, மவுஸும் போட்டுத் தர்றேன்."

"ஸ்பீக்கர்?" என்றான் அண்ணன்.

"உங்களுக்காக அதுவுந் தர்றேங்ணா."

அண்ணன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன். கடைக்காரர் மேசையிலிருந்த பேனாவை எடுத்தான். ஸ்கேல் வைத்து நான் போட்ட கட்டத்துக்குள் என் ஆறாவது வரியை மாற்றி எழுதினான். ஏழாவது வரியின் மேல் நீளமாக ஒரு கோடு போட்டான். "சும்மா வர்றத எதுக்கு காசு குடுத்து வாங்கறது" என்று சொல்லிச் சிரித்தான்.

அப்போது கடைக்காரர், அன்று முதல்முறையாக, என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "என்னங்கம்மா, சரிதானுங்களே?"

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குள் ஓடு பறக்கச் சண்டை போடலாம், ஒரு வாரம் பேசாமலும் இருக்கலாம், ஆனால் வெளியாள் முன்னால் மூத்தவனை மறுத்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. அம்மா வளர்த்த வளர்ப்பு அது. அப்பா இருந்தபோது அப்பாவுக்கு, அவர் போனபின் அண்ணனுக்கு. வெளியாள் முன்னால் அவன் வார்த்தை கீழே விழுந்தால் வீடே கீழே விழுந்த மாதிரி. சின்னப் பிள்ளையிலிருந்து ஊறிப்போனது. கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

நான் தலையாட்டினேன்.

பெட்டிகளை எடுத்து வைக்கும்போது "ஃபிட்டிங்கும் ஃப்ரீதாங்ணா, ஒரு மணி நேரம் இருந்தா பூட்டியே குடுத்துடறேன்" என்றார் கடைக்காரர். அண்ணன் வாயைத் திறக்கும் முன் "ஃபிட்டிங் நானே பண்ணிக்கறேங்க" என்றேன். இந்த ஒன்றையாவது சொன்னேனே என்று இருந்தது. கடைக்காரர் சிரித்தார். "பாத்துங்க, கரண்ட் சமாச்சாரம்" என்றார், அதையும் அண்ணனைப் பார்த்துத்தான்.

அண்ணன் காலித் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருக்கும்போது, நான் எதிரே இருந்த ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "வூட்ல ஸ்க்ரூ டிரைவரே இல்லாத மாதிரி" என்று பின்னால் கத்தினான். வீட்டில் இருப்பது டிராக்டர் டூல்பாக்ஸில் கிரீஸில் ஊறிக்கிடக்கும் முழ நீள டிரைவர். அதை மதர்போர்டு பக்கம் கொண்டுபோனாலே பாவம்.

ஹார்டுவேர் கடையில் வயதான பாய் ஒருவர் இருந்தார். சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும் என்றேன்.

"என்ன ஸ்க்ரூம்மா, கொண்டாந்திருக்கியா?"

கேபினெட்டோடு வந்த திருகாணிப் பொட்டலத்திலிருந்து ஒன்றைக் கொடுத்தேன். அவர் நான்கு டிரைவரை எடுத்து, ஒவ்வொன்றாக அதன் தலையில் பொருத்திப் பார்த்தார். "இது நுனியில காந்தம் இருக்குது. உள்ள விழுந்தாலும் எடுத்துக்கலாம். யாரு பூட்டறது?"

"நாந்தான் பாய்."

"அப்ப கைப்பிடி இவ்வளோ தடிமனா வேணாம்" என்று அதை உள்ளே வைத்துவிட்டு, மெல்லிய பிடி வைத்த வேறொன்றை எடுத்து என் கையில் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒயர்களைக் கட்ட பிளாஸ்டிக் டேக் ஒரு பாக்கெட், சின்ன மூக்கு பிளையர் ஒன்று, இவையும் வாங்கினேன். காசை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்தவருக்கு ஆணி எடை போடப் போய்விட்டார். சாதாரண வியாபாரம். ஆனால் அன்று முழுக்க என் கையில் எது பொருந்தும் என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். அதை நினைத்ததும் எனக்குக் கோபம்தான் இன்னும் அதிகமானது.

மறுநாள் காலை ஹாலில் மேசையைத் துடைத்துவிட்டுப் பூட்ட உட்கார்ந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி மட்டும் கோபமில்லாமல் எழுத முடியும். பிராசசரை மூலையிலிருக்கும் அடையாளம் பார்த்து வைத்ததும் அதுவே தன் இடத்தில் உட்கார்ந்தது. அழுத்தவே வேண்டியதில்லை. அதன் மேல் சூட்டைக் கடத்த துவரம்பருப்பு அளவுக்குப் பசை. ராம் உட்காரும்போது இரண்டு பக்கமும் டக்கென்று சத்தம் கேட்டது. அம்மா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். "ஏதோ ஊரு மாதிரி இருக்குது" என்றாள் மதர்போர்டைப் பார்த்து. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிறகு எஸ்.எம்.பி.எஸ். அது கேபினெட்டுக்குள்ளேயே பூட்டி வந்திருந்தது. ஒயரை இழுத்து எடுக்க வேண்டி அதைக் கழற்றிக் கையில் தூக்கினேன். கனமே இல்லை. வெறும் டப்பாவைத் தூக்கிய மாதிரி இருந்தது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். கை இறங்கும் அளவுக்குக் கனக்கும் என்று படித்திருந்தேன். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் மட்டும் பெரிய பெரிய எண்கள். தக்காளிப் பெட்டியை ஒரு கையால் தூக்கியே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுகிற என் அண்ணன், இதை ஒருமுறை தூக்கிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. சும்மா வந்ததை யார் தூக்கிப் பார்ப்பார்கள்.

அதைவிட மோசம், கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டிய ஒயரே அதில் இல்லை. அதற்குப் பதில் ஒரு ஒட்டு ஒயரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வேறொரு ஒயரின் முனையில் இதைச் சொருகி ஒப்பேற்றிக்கொள்ள வேண்டும். மார்க்கெட்டில் இருந்த அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கார்டுக்கு ஒயர் இல்லண்ணா. இந்த எஸ்.எம்.பி.எஸ். இதுக்கு ஆகாது."

"தனியா ஒரு ஒயர் குடுத்தானே, அத போடு."

"அது போடக்கூடாதுண்ணா, தாங்காது. நான் எழுதுனதயே வாங்கியிருக்கணும்."

"மொதல்ல எரியுதான்னு பாரு பாப்பா. இங்க வேவாரம் ஓடிட்டிருக்குது" என்று வைத்துவிட்டான்.

அன்றே தர்மபுரிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் பொறியாளர் முதல் வீட்டின் பிளானை அனுப்பிவிட்டார். பார்ட்டி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஓசூர் அலுவலகத்துக்கு வருகிறார்கள், அதற்குள் வீடியோ வந்தாக வேண்டும். ஒரு நாள் போனால் போனதுதான் என்று, தெரிந்தே அந்த ஒட்டு ஒயரைச் சொருகினேன். சுவிட்சைப் போட்டதும் எல்லாம் எரிந்தது. ஃபேன் எல்லாம் சிவப்பு, பச்சை, நீலம்.

சாயங்காலம் அண்ணன் சொந்தக்காரர்கள் நான்கு பேரைக் கூட்டிவந்து காட்டினான். ஹால் விளக்கை அணைத்துவிட்டுக் கலர் பார்த்தார்கள். "கேபினெட்டு, கீபோர்டு, ஸ்பீக்கர், எல்லாம் கொசுறுலயே தேத்திட்டேன்" என்றான். கேபினெட்டுக்குக் காசு கொடுத்தது மறந்துவிட்டது அவனுக்கு. இதில் என்ன வேலை பார்ப்பாய் என்று அந்த நான்கு பேரில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. பாட்டுப் போடச் சொன்னார்கள்.

வியாழன் முழுக்க வீட்டை எழுப்பினேன். வெள்ளி மத்தியானத்துக்குள் சுவர், மாடிப்படி, ஜன்னல் கிரில், வாசல் படியில் கோலம் வரைக்கும் வைத்துவிட்டேன். ரொம்ப நாளாகவே என் தலைக்குள் இருந்த வேகத்துக்குக் கை ஈடுகொடுத்தது அந்த இரண்டு நாள்தான். அலுவலகத்து மெஷினில் ஒரு அசைவுக்கு ஒரு நிமிடம் காத்திருந்தவள் நான். சாப்பிட்டுவிட்டு வந்து, படத்தை எல்லாம் கோர்த்து வீடியோவாக மாற்றும் வேலையை, அதுதான் ரெண்டர், ஓடவிட்டேன். மெஷின் முழு பலத்தையும் போட்டு உழைக்க வேண்டிய வேலை அதுதான். ஃபேன் சத்தம் ஏறிக்கொண்டே போனது. அரை மணி நேரம் ஆகியிருக்கும். டப் என்று ஒரு சத்தம். கலரெல்லாம் போய்விட்டது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் ஹால் முழுக்கப் பரவியது. அம்மா ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒட்டு ஒயர் சொருகிய இடம் உருகி ஒட்டிப்போயிருந்தது. எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது. அது போகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோனதா என்று தெரியவில்லை. வேறு நல்ல எஸ்.எம்.பி.எஸ். போட்டுப் பார்க்கும் வரை தெரியாது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆடு கத்தியது என்று அம்மா பிற்பாடு சொன்னாள். அப்போது சிரிப்பு வரவில்லை, இப்போதும் வரவில்லை.

அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "அவன் கடையவே ரெண்டு பண்ணிடறேன் நாளைக்கு" என்று வேட்டியை மடித்துக் கட்டினான். நீ வராதே என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் பேசினால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில், கருகிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணன் வரலீங்களா?"

"வரல. இது வெடிச்சிடுச்சு."

கையில் வாங்கிப் பார்த்தார். "இது கேபினெட்டோட ஃப்ரீயா வந்ததுங்க. ஃப்ரீ அயிட்டத்துக்கு வாரண்டி கெடையாதுங்களே."

"நான் நல்லதா எழுதிட்டு வந்தேன். என் லிஸ்ட்ல இருந்துச்சு. இந்தக் கார்டுக்கு இது தாங்காதுன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"எழுதியிருந்தீங்க, இல்லீன்னு சொல்லல. அண்ணன் கோடு போட்டு அடிச்சாரு. உங்களையும்தான் கேட்டேன், சரிதானான்னு. நீங்க தலையாட்டுனீங்க."

தெரிந்தே ஆகாததைக் கொடுத்தவன் அந்த மனுஷன். அவர் மூஞ்சியில் அறைகிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம் என்று பஸ்ஸிலேயே கோர்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் சொன்னது நிஜம்.

நான் எழுதிய எஸ்.எம்.பி.எஸ். அவரிடம் தீர்ந்துவிட்டிருந்தது. வேறு மூன்று கடை ஏறி இறங்கினேன், எங்கும் இல்லை. கடைசியில் அவரே சேலத்துக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுவதாகச் சொன்னார்கள். மனசு கேட்கவில்லையோ என்னவோ, ஒரு மவுஸ் பேடை எடுத்து என் பக்கம் தள்ளினார். "இது வெச்சுக்கங்க, சும்மாதான்." அதை அவர் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டு இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு சேலம் பஸ்ஸாக எட்டிப் பார்த்து, நான்காவது பஸ் கண்டக்டரிடம் பார்சலை வாங்கினேன். கனமாக இருந்தது. மடியில் வைத்துக்கொண்டே ஊருக்கு வந்தேன். கழற்றி, பூட்டி, கார்டுக்கு அதன் சொந்த ஒயரையே சொருகி, சுவிட்சைப் போட்டேன். எரிந்தது. போர்டும் கார்டும் பிழைத்திருந்தன. கீழே உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

மறுபடி ரெண்டர் போட்டேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று மெஷினே காட்டியது. குறைக்கக்கூடியதை எல்லாம் குறைத்துப் பார்த்தேன். அதற்கும் கீழே குறைத்தால் சுவர் சுவராகத் தெரியாது. எப்படிப் பார்த்தாலும் திங்கள் மத்தியானம் பன்னிரண்டு ஆகும் என்றது. பொறியாளருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "பார்ட்டி பத்து மணிக்கு வந்துடுவாங்கம்மா. பாக்கலாம்" என்றார். அந்தப் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று ஆறு வருடம் அவரிடம் வேலை பார்த்த எனக்குத் தெரியும்.

திங்கள் பன்னிரண்டேகாலுக்கு வீடியோவை அனுப்பினேன். ஒரு மணிக்குக் கூப்பிட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. சமையல்கட்டு வெளிச்சம் அப்படியே இருக்குது. ஆனா பத்து மணிக்கு எங்கையில காட்ட ஒண்ணும் இல்ல. நேத்து நீ போன் பண்ணதும் இங்க ஓசூர்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டேன். ஒப்பேத்துனதுதான், இவ்வளோ நல்லா இல்ல. ஆனா நேரத்துக்கு இருந்துச்சு. பார்ட்டி அதுக்கே அட்வான்ஸ் குடுத்துட்டாங்க."

"இருபதும் அவருக்கா சார்?"

"இருபதும்தாம்மா. சின்ன வேலை ஏதாச்சும் வந்தா கண்டிப்பா சொல்றேன்."

வைத்துவிட்டேன். மானிட்டரில் என் வீடு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. வாசல், ஹால், மாடிப்படி, சமையலறை. மறுபடி வாசல். சுவரில் எதையாவது எடுத்து அடிக்க வேண்டும் போலிருந்தது. வீட்டில் எனக்குச் சொந்தமாக உடையும்படி எதுவுமே இல்லை, அந்த மெஷினைத் தவிர.

சாயங்காலம் அண்ணன் மார்க்கெட்டிலிருந்து ஒரு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அம்மா திண்ணையில் காபி கொடுத்தாள். வேலை போய்விட்டதை மத்தியானமே அம்மா அவனுக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். அவன் அந்த வியாபாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஹாலில் இருந்த என் காதுக்கு வந்தது.

"பாப்பாவ ஏமாத்திட்டான்ங்க கடைக்காரன். பொம்பளப் புள்ளன்னா இவனுங்களுக்கு எளக்காரம். நான் கூட இருந்தே இப்படிப் பண்ணிட்டான்னா பாத்துக்கங்க."

எழுந்து வெளியே போனேன்.

"கடைக்காரன் ஏமாத்தலண்ணா. நீதான்."

வியாபாரி காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"என்ன பாப்பா சொல்ற?"

"ரெண்டு மாசம் படிச்சு எழுதுனேன். நீ ரெண்டு நிமிசத்துல கோடு போட்ட. ஸ்பீக்கர் சும்மா வருதுன்னு என் வேலைய குடுத்துட்டு வந்த. அந்த மெஷின பத்தி உனக்கு என்ன தெரியும்? ஒண்ணுமே தெரியாது. தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த இருபது வூடும் இன்னிக்கு எங்கிட்ட இருந்திருக்கும்."

அவன் திருப்பிக் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வியாபாரியைப் பார்த்தான், பிறகு கீழே பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான். வியாபாரி மீதிக் காபியைக் குடிக்காமல் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, "வர்றேங்கம்மா" என்று நடந்தே போனார்.

அம்மா என்னிடம் வந்தாள். "வெளியாளு முன்னாடியா கேக்கறது?"

"வெளியாளு முன்னாடிதானம்மா என் எழுத்த அழிச்சான்."

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு மாதம் அண்ணன் என்னோடு பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தான், மழையைப் பற்றி, தக்காளி விலையைப் பற்றி. கம்ப்யூட்டரைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. அதே மெஷினில்தான் இப்போது வேலை பார்க்கிறேன். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒருவருக்கு மாட்டுக்கொட்டகை பிளான், கம்பைநல்லூரில் ஒரு மாடி வீட்டுக்கு எலிவேஷன், இப்படிச் சில்லறை வேலைகள். ஜாதகம் வெளியே வந்துவிட்டது. ஒரு இடம் பொருந்தியிருப்பதாகச் சொல்கிறார்கள்.

அண்ணனைக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். கேட்டதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆனால் அந்தக் கடையில், அந்த மாடியில், கடைக்காரர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். என்னைத் தவிர வேறு யாரும் அதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது, அண்ணன்கூட அப்போது வாயைத் திறக்கவில்லை. தலையாட்டியது நான். அன்று அங்கே நின்று தலையாட்டியவளைப் பிடித்து உலுக்கி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று தினமும் கை பரபரக்கிறது, பிடிக்க ஆள் கிடைக்கவில்லை.